ஏ.சி. வருமுன் வீட்டைத் தயார் செய்வோம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

இந்த மாதம் நாம் பேசப் போவது சேமிப்பைப் பற்றியோ கடன் திருப்புவதைப் பற்றியோ அல்ல. கடன் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிற ஒரு பொருளைப் பற்றி. அதுதான் ஏ.சி.

"ஏ.சி. எல்லாம் பணக்காரங்க சமாச்சாரம், நமக்கெதுக்கு?" என்று சிலர் நினைக்கலாம். அந்தக் காலம் போய்விட்டது. நம்ம திருவள்ளூர் மாவட்டத்து வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கோடையில் தமிழ்நாட்டிலேயே அதிக வெயில் அடித்த ஊர்களின் பட்டியலில் திருத்தணி பெயர் அடிக்கடி வருகிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி பக்கம் கடல் காற்றின் புழுக்கம் வேறு. சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வருகிறவர்கள் பகலில்தான் தூங்க வேண்டும். ஷீட் போட்ட வீட்டில் மத்தியானம் எப்படித் தூங்குவது? அதனால் நம்ம குழுக்களிலும் பல வீடுகளில் தவணைக்கு ஏ.சி. வாங்க ஆரம்பித்துவிட்டார்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஆரம்பாக்கம் தாண்டினால் ஆந்திரா. அங்கே ஸ்ரீசிட்டியில் டைகின், புளூ ஸ்டார் போன்ற கம்பெனிகள் 2023-ல் ஏ.சி. தொழிற்சாலை திறந்தன. இன்று அந்தப் பக்கம் கம்பெனி பஸ் ஏறிப் போகிற பெண்கள் எத்தனை பேர்! ஏ.சி. செய்கிற இடம் நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதைப் பத்திரமாக மாட்டுவதற்கு நம் வீடு தயாராக இருக்கிறதா? இதுதான் இன்றைய கேள்வி.

கம்பெனியில் ஏ.சி.யைச் சோதனை செய்துதான் வெளியே அனுப்புகிறார்கள். ஆனால் நம் வீட்டு ஒயரையும் சுவரையும் எர்த்தையும் எந்தக் கம்பெனியும் வந்து சோதிப்பதில்லை. மாட்ட வருகிற பையன் இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். "வீட்டை ரெடி பண்ணுங்க"ன்னு அவர் சொல்ல மாட்டார். அதை நாம்தான் அவர் வருவதற்கு முன்பே செய்து வைக்க வேண்டும்.

எது நிஜமான ஆபத்து?

ஏ.சி. என்றாலே சிலர் "வெடிச்சிடும்" என்று பயப்படுகிறார்கள். 2019 மே மாதம் திண்டிவனம் காவேரிப்பாக்கத்தில் ஒரே குடும்பத்தில் 3 பேர் இறந்தபோது, ஏ.சி. வெடித்து இறந்தார்கள் என்றுதான் முதலில் செய்தி வந்தது. பிறகு போலீஸ் விசாரணையில் அது கொலை வழக்காக மாறியது. ஆனாலும் "ஏ.சி. வெடிச்சு செத்துட்டாங்க" என்பதுதான் பலர் மனதில் நிற்கிறது.

நாம் பயப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. நாங்கள் கிராமங்களுக்கு வரும்போது பல வீடுகளில் ஒரு வார்த்தை கேட்கிறோம். "ஃபிரிட்ஜைத் தொட்டா லேசா சுர்ருங்கும்மா. செருப்புப் போட்டுக்கிட்டுத் தொறந்தா ஒண்ணும் ஆகாது." இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். வீட்டுக்கு வரும் மருமகளுக்கும் இதையே சொல்லிக் கொடுக்கிறார்கள்.

சகோதரிகளே! அந்த 'சுர்' என்பது சாதாரணம் இல்லை. 'இந்த வீட்டில் எர்த் சரியில்லை, கரண்ட் கசிகிறது' என்று வீடு நமக்குக் கொடுக்கும் எச்சரிக்கை அது. இன்று காய்ந்த தரையில் 'சுர்' என்பது நாளை மழை ஈரத்தில், வெறுங்காலோடு ஒரு குழந்தை தொட்டால் உயிரையே வாங்கிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் ஏ.சி.யையும் மாட்டினால், அதன் வெளிப்பெட்டி, இரும்பு ஸ்டாண்டு, செம்புக் குழாய் எல்லாமே ஷாக் அடிக்கிற பொருளாக மாறலாம்.

எர்த் என்றால் என்ன?

கசிகிற கரண்டை நம் உடம்பு வழியாகப் போக விடாமல் மண்ணுக்குள் அனுப்பும் வழிதான் எர்த். வீட்டுக்கு வெளியே குழி எடுத்து, கம்பியோ குழாயோ இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுவார்கள். மூன்று பின் பிளக்கில் மேலே தடிமனாக இருக்கிறதே, அந்தப் பின் இதோடு சேர வேண்டும். பல வீடுகளில் பின் இருக்கும், பின்னால் கம்பி இருக்காது. இன்னும் சில இடங்களில், எர்த் குழி போடச் சோம்பல்பட்டு நியூட்ரல் கம்பியையே எர்த் பின்னில் இணைத்து விடுகிறார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் ஏ.சி.யின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறிவிடும். இது மிகவும் ஆபத்தானது.

ஆகவே ஏ.சி.க்கு முன்பணம் கட்டும் முன்னாலேயே உரிமம் பெற்ற ஒயர்மேனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்தால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். "பார்த்தாச்சும்மா, நல்லாயிருக்கு"ன்னு வாயால் சொன்னால் போதாது. "எங்க கண் முன்னாடி காட்டுப்பா" என்று கேளுங்கள். எர்த் குழி இருந்தால் கோடையில் மண் காயாமல் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.

உயிரைக் காக்கும் ஒரு சின்னப் பெட்டி

ஃபியூஸுக்குப் பதிலாக இப்போது எம்.சி.பி. போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை, மனுஷரை அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு மேல் கரண்ட் ஓடினால்தான் விழும். ஒரு மனித உயிரைப் பறிக்க அதில் ஒரு மிகச் சிறு பங்கே போதும். மனுஷரைக் காப்பாற்றுவதற்கு ஆர்.சி.சி.பி. என்று தனியாக ஒன்று இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டும். அந்த அளவுக்குக் கரண்ட் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் அணைந்துவிடும். அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை, குழுக் கூட்டத்தன்று, அதை அழுத்திப் பாருங்கள். 'டக்' என்று அணைந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

"இது அடிக்கடி விழுது, தொந்தரவு" என்று சில பேர் அதைக் கழற்றிவிட்டு நேராக ஒயரை இணைக்கிறார்கள். நாய் குரைக்கிறது என்று நாயை அடித்து விரட்டிவிட்டுத் திருடனை உள்ளே விடுவது போன்றது இது. அடிக்கடி விழுகிறதென்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைத் தேட வேண்டும்.

ஒயரும் லோடும்

1.5 டன் ஏ.சி. முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 1500 வாட் இழுக்கும். 20 டியூப்லைட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் எரிவதற்குச் சமம். தொகுப்பு வீடுகளில் பல வருஷத்துக்கு முன்பு போட்ட மெல்லிய ஒயர் இதைத் தாங்காது. சுவருக்குள்ளேயே சூடாகி, ரப்பர் உருகி, தீப்பிடிக்கும். எனவே:

* மெயின் போர்டிலிருந்து ஏ.சி.க்கு மட்டும் தனி ஒயர் வர வேண்டும். 1.5 டன்னுக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போடுவது நல்லது.
* அந்த ஒயருக்கென்று தனி எம்.சி.பி. வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏ.சி.யைச் சொருகவே கூடாது.
* ஃபியூஸ் கட்டையில் கட்டுக் கம்பியையோ மடித்த ஒயரையோ வைத்துச் சுற்றியிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.
* குடிசை மின் இணைப்பு விளக்கு, மின்விசிறி போன்ற சிறு உபயோகத்துக்குத்தான். அதில் ஏ.சி. போடக் கூடாது.
* உங்கள் இணைப்பின் அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று ஈ.பி. அலுவலகத்தில் கேளுங்கள். போதாவிட்டால் மனு கொடுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். 1500 வாட் என்றால் முழு வேகத்தில் 1 மணி நேரத்துக்கு 1.5 யூனிட். இரவு 8 மணி நேரம் அப்படியே ஓடினால் 12 யூனிட். 2 மாதத்துக்கு 720 யூனிட். அறை குளிர்ந்த பிறகு ஓட்டம் குறையும், அதனால் நிஜத்தில் இவ்வளவு வராது. ஆனாலும் 2016-ல் அறிவித்த 100 யூனிட் இலவசத்துக்குள் அடங்காது. தவணையோடு கரண்ட் பில்லையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் குழுவில் கடன் கேளுங்கள். 24 டிகிரியில் வைத்து, கூடவே மின்விசிறியை மெதுவாக ஓட விட்டாலே நன்றாகத் தூக்கம் வரும்.

சுவரும் கூரையும்

கம்பெனிகளில் கூரைக்குக் கீழே பெரிய தகரக் குழாய்கள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதை டக்ட் என்பார்கள். ஒரு பெரிய இயந்திரம் குளிர்ந்த காற்றை அதன் வழியாக எல்லா இடத்துக்கும் தள்ளும். நம் வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.யில் அந்தப் பெரிய குழாய் கிடையாது. உள்பெட்டி காற்றைச் சுழற்றும். வெளிப்பெட்டி சூட்டை வெளியே தள்ளும். நடுவில் செம்புக் குழாய், ஒயர், தண்ணீர் வடியும் குழாய் மூன்றும் சுவரில் ஒரு ஓட்டை வழியாகப் போகும்.

வெளிப்பெட்டி சுமார் 25 முதல் 35 கிலோ வரை கனக்கும். அதை எங்கே வைக்கிறோம் என்பது முக்கியம். தொகுப்பு வீட்டு சன்ஷேடில் கம்பி தெரிகிற அளவுக்குச் சிமெண்ட் உதிர்ந்திருக்கும். அதன் மேல் ஏற்றவே கூடாது. மண் சுவர், 4 அங்குல ஹாலோ பிளாக் சுவர் இவற்றில் ஆங்கிள் அடித்துத் தொங்க விடுவதும் ஆபத்து. தரையில் சிமெண்ட் மேடை கட்டி அதன் மேல் ஸ்டாண்டு வைப்பதே நமக்கு நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது உங்கள் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று நினைவிருக்கும். மேடை அதைவிட உயரமாக இருக்கட்டும். பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகச் சூடான காற்று போகாமல் வையுங்கள். கேஸ் சிலிண்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். பிள்ளைகள் ஏறி விளையாடாத இடமாகப் பாருங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீடுகளுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. குழாய் விட வேண்டுமென்று ஷீட்டை அறுக்கவோ துளை போடவோ விடாதீர்கள். அறுக்கும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத நார் இருக்கிறது. அது நுரையீரலில் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயைக் கொண்டு வரும். குழாயைச் சுவர் வழியாகத்தான் விட வேண்டும். அதேபோல ஷீட் மேல் யாரையும் ஏற விடக் கூடாது. பார்க்க உறுதியாக இருக்கும், கால் வைத்ததும் உடைந்து ஆளோடு உள்ளே விழும். குளிர் நிற்பதற்காக ஷீட்டுக்குக் கீழே தெர்மாகோல் அடிக்கிறவர்கள் கவனிக்கவும்: தெர்மாகோல் சுலபமாகத் தீப்பிடிக்கும். அதற்கு மேலே ஒயரை ஓட விடாதீர்கள்.

உள்பெட்டியைத் தூளி கட்டும் கொக்கிக்கு மேலேயோ டி.வி.க்கு மேலேயோ மாட்டாதீர்கள். சுவரில் போடும் ஓட்டை வெளிப்பக்கம் கொஞ்சம் சரிந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே வரும். வேலை முடிந்ததும் ஓட்டையைச் சுற்றி நன்றாக அடைக்கச் சொல்லுங்கள். நம்ம ஊரில் அந்த ஓட்டை வழியாக எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும். வடிகிற தண்ணீர் ஒரே இடத்தில் தேங்கினால் டெங்குக் கொசு வளரும். குழாயை ஒரு செடிக்கு விட்டுவிடுங்கள்.

மாட்டுகிற நாளில்

கம்பெனியில் மெஷினைப் பழுது பார்க்கும்போது மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, 'வேலை நடக்கிறது' என்று ஒரு சீட்டையும் தொங்க விடுவார்கள். வேலைக்குப் போகிற சகோதரிகளுக்கு இது தெரியும். அதே பழக்கத்தை வீட்டிலும் செய்வோம். சுவரில் துளை போடும் முன் மெயினை அணைத்துவிட்டு, ஒரு அட்டையில் 'போடாதீங்க' என்று எழுதி மாட்டுங்கள். அவர்களுடைய டிரில் மெஷினுக்குக் கரண்ட் வேண்டுமென்றால் வேறு இடத்திலிருந்து எடுக்கட்டும். ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலே சுவருக்குள் ஒயர் ஓடும், அங்கே துளை போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கட்டில், அரிசி மூட்டை, துணி மூட்டையை முதல் நாளே நகர்த்தி வையுங்கள். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அடுப்பு, ஊதுபத்தி, சாமி விளக்கு எல்லாம் அணைந்திருக்கட்டும். இப்போது வருகிற பல ஏ.சி.க்களில் ஆர்-32, ஆர்-290 என்ற வாயுக்கள் இருக்கின்றன. பழைய ஆர்-22 வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கும் என்பதால் 2025 முதல் புதிய ஏ.சி.க்களில் நிறுத்தப்பட்டுவிட்டது. புதிய வாயுக்கள் ஓசோனுக்கு நல்லவை, ஆனால் கசிந்தால் தீப்பிடிக்கும். ஆர்-32 லேசாகப் பிடிக்கும். ஆர்-290 நம் சமையல் கேஸின் சொந்தக்காரன், வேகமாகப் பிடிக்கும். வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. ஆகவே ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை செய்கிறவர் பீடி, சிகரெட் பிடித்தால் தயங்காமல் வெளியே போகச் சொல்லுங்கள். குழாயில் கசிவு பார்க்க நைட்ரஜன்தான் உபயோகிக்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைக் கொண்டு வந்தால் வேலையை நிறுத்துங்கள். ஏ.சி. எண்ணெயோடு ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

மாட்ட வருகிற பையனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். நம் ஊர் ஐ.டி.ஐ. படித்த பிள்ளைகள் பலர் இந்த வேலைக்குத்தான் போகிறார்கள். மாடிச் சுவரில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும்போது பெல்ட் போட்டிருக்கிறாரா, கயிறு எங்கே கட்டியிருக்கிறார் என்று பாருங்கள். ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் நிற்கட்டும். "பெல்ட் போட்டுக்கிட்டு ஏறுப்பா, அவசரமில்லை" என்று நாம் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

மாட்டிய பிறகு

ஒன்றை மறக்காதீர்கள். வீட்டு ஏ.சி. வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டு வராது. உள்ளே இருக்கிற காற்றையேதான் திரும்பத் திரும்பச் சுழற்றும். ஆகவே மூடிய அறைக்குள் கரி அடுப்பு, சாம்பிராணித் தணல் எதுவும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் விஷவாயு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். காலையில் எழுந்ததும் கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள். வீட்டில் யாருக்காவது 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் எல்லோரும் ஒரே மூடிய அறையில் படுக்காமல், அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசநோய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறி அவர் மேல் கை வைக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளுங்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ஈ.பி. கம்பி அறுந்து கிடந்தாலோ கம்பத்தில் தீப்பொறி பறந்தாலோ மின்னகம் எண் 94987 94987. சமையல் கேஸ் கசிந்தால் 1906.

யார் கேட்பது?

"இதெல்லாம் வீட்டுக்காரர்தான் பார்க்கணும், எனக்கென்ன தெரியும்?" என்று சிலர் நினைப்பது எங்களுக்குத் தெரிகிறது. தவணை கட்டுவது யார்? குழுவில் கையெழுத்துப் போட்டது யார்? மாட்ட வரும்போது வீட்டில் இருப்பது யார்? அந்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நடப்பது யார்? நாம்தானே! வங்கி மேலாளர் முன்னால் நின்று பேசக் கற்றுக்கொண்ட நமக்கு, ஒரு ஒயர்மேனிடம் "எர்த்தைக் காட்டுப்பா" என்று கேட்க முடியாதா?

"அதுக்கெல்லாம் செலவாகும்மா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் அசந்துவிடாதீர்கள். எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் ஆகும் செலவு ஏ.சி. விலையில் ஒரு சிறு பங்குதான். கையில் பணம் போதவில்லையா? ஏ.சி.யை இரண்டு மாதம் தள்ளிப் போடுங்கள், எர்த்தை முதலில் போடுங்கள். அதுவரை மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள், சூடு இறங்கும். ஏ.சி. வாங்கவே போவதில்லை என்கிற சகோதரிகளும், ஃபிரிட்ஜ், மிக்ஸி, மோட்டார் இருக்கிற வீடென்றால் எர்த்தைச் சோதித்துக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம் என்று கேட்டுக்கொள்கிறோம். ஏ.சி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்க உள்கடன் கேட்கும் உறுப்பினர் வீட்டில் எர்த் சோதித்தாயிற்றா, ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று ஊக்குநர் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுத வேண்டும். இல்லையென்றால் கடன் தொகையோடு அந்தச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒரு ஊரில் 10 வீடு சேர்ந்தால் ஒரே நாளில் ஒயர்மேனை வரவழைத்து எல்லா வீட்டையும் பார்த்துவிடலாம், செலவும் குறையும்.

இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: 'சுர்' என்கிற பொருள் வீட்டில் ஏதாவது இருந்தால் உடனே அதன் பிளக்கைப் பிடுங்குங்கள். ஒயர்மேன் வந்து பார்க்கும் வரை அதைப் போடாதீர்கள். "செருப்புப் போட்டுக்கிட்டுத் தொடு" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்துவோம்.